சாட்சிக்கு ஒரு சலைன் பாட்டில்

பதினாறு நாட்கள் என் கையில் ஊசி ஒன்று குத்தியிருந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை அதை இடக்கையிலிருந்து வலக்கைக்கும், வலக்கையிலிருந்து இடக்கைக்கும் மாற்றினார்கள். அதன் வழியாக உப்புத் தண்ணீர் ஏறியது. எனக்கு வந்திருந்த நோய்க்கும் அந்தத் தண்ணீருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஏற்றிய நர்ஸுக்குத் தெரியும். ஏற்றச் சொன்ன டாக்டருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான். நான் இன்றைக்கும் உள்ளே படுத்திருக்க வேண்டுமா என்பதை எங்கோ ஒரு கணினியின் முன் உட்கார்ந்து தினமும் முடிவு செய்தவர். அவர் பார்ப்பதற்காகத்தான் அந்தப் பாட்டில் தொங்கியது.

அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அதே நாற்காலியில் நான் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து, அதே பிரிவின் மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். ‘நோயாளிக்கு ஊசி வழியாக மருந்து எதுவும் செலுத்தப்படவில்லை. ஆகவே உள்நோயாளியாகத் தங்க வேண்டிய தேவை நிறுவப்படவில்லை.’ இதை எத்தனை கோப்புகளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பிழையில்லாத வாக்கியம். அதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிகள் என்ன செய்தன என்பதை என் நரம்பில் உப்புத் தண்ணீர் ஏறியபோதுதான் அறிந்துகொண்டேன்.

இதில் வரும் பெயர்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். எந்தக் கோப்பு என்று தேடினால் கிடைக்காது. அந்த வேலை எனக்குத் தெரியும்.

நோய் வயிற்றில்தான் ஆரம்பித்தது, அல்லது அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். பசியில்லை. ஓய்வு பெற்ற ஏழாவது வருடம். பென்ஷன் வருகிறது, கடன் இல்லை, ஓசூரில் சொந்த வீடு, மகள் பெங்களூரில் நல்ல வேலையில். வருத்தப்படக் காரணமே இல்லை என்பதை ஒவ்வொரு நாளும் எனக்கே நிரூபித்துக்கொண்டு படுத்திருந்தேன். மூன்று மாதத்தில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. என் மனைவி கமலா பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டாள். பிறகு இன்னொன்று. மூன்றாவது ஓட்டை போடும்போது ஆணியைக் கீழே வைத்துவிட்டு, “கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றாள்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். தைராய்டு, சர்க்கரை, ஈரல், எல்லாம் நார்மல். நார்மல் என்ற சொல்லின் மேல் எனக்கு ஒரு வெறுப்பே வந்துவிட்டது. கடைசியில் ஒரு வயதான பொது மருத்துவர் ரிப்போர்ட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

“காலையில எத்தனை மணிக்கு முழிப்பு வருது?”

“மூணு, மூணேகால்.”

“முழிச்சு என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். இன்னிக்கும் விடிஞ்சிடுமேன்னு படுத்திருப்பேன்.”

கமலா என் பக்கம் திரும்பவில்லை. தன் மடியிலிருந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் ஒரு சீட்டில் மனநல மருத்துவர் ஒருவரின் பெயரை எழுதித் தந்தார்.

மனச்சோர்வு என்றால் சோகம் என்று நினைத்திருந்தேன். சோகமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அதில் ஒரு ருசி உண்டு. இது வேறு. குளிப்பதற்கு எழுந்திருப்பது என்பதே ஒரு பெரிய ஏற்பாடாகத் தெரியும். சாப்பாடு வாயில் காகிதம்போல் இருக்கும். மூளையில் தூக்கத்தையும் பசியையும் விருப்பத்தையும் நடத்தும் ரசாயனங்கள் குறைந்துபோவதால் வருவது என்றார் டாக்டர் வனஜா. மாத்திரை வேலை செய்ய இரண்டு வாரமாவது ஆகும். அந்த இரண்டு வாரமும் என் கண்காணிப்பில் இருங்கள் என்றார். ஏன் கண்காணிப்பு என்று கமலா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூவருக்கும் புரிந்திருந்தது.

மூக்கண்டப்பள்ளியில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. கீழே மனநலம், மாடியில் குடிநோய்ப் பிரிவு, மொத்தம் இருபது கட்டில். காத்திருப்போர் அறையில் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். ஷிப்ட் முடித்து வரும் ஆட்கள் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திருப்பி வைத்திருப்பார்கள். சீருடையைக் கழற்ற முடியாதே, அது காட்டிக்கொடுத்துவிடும். ஒரே கம்பெனிச் சீருடையில் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

டாக்டர் வனஜாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு. நர்ஸிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். காலை பத்து மணிக்கு வார்டுக்கு வருவார். பதினொன்றுக்கு அவர் போன் அடிக்கும். பிறகு வார்டு இருக்காது, போன்தான்.

விஷயம் இதுதான். என் மகளின் கம்பெனி எடுத்த பாலிசியில் நானும் கமலாவும் அடக்கம். பணம் கட்டாமலே சிகிச்சை பெறலாம், கேஷ்லெஸ். ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே கிளெய்மைப் பரிசீலிக்கவென்றே இன்னொரு நிறுவனம் இருக்கிறது. டாக்டர் பதினாறு நாள் கேட்டால் அது மூன்று நாள் தரும். மூன்றாம் நாள் டாக்டர் மறுபடி கேட்க வேண்டும். அதற்குள் நோயாளி கொஞ்சம் தேறியிருந்தால், ‘தேறிவிட்டாரே, எதற்கு உள்ளே?’ என்பார்கள். தேறவில்லை என்றால், ‘சிகிச்சை பலனளிக்கவில்லையே, எதற்கு உள்ளே?’ இரண்டு கேள்வியையும் நான் கேட்டிருக்கிறேன், ஒரே நோயாளியைப் பற்றி, ஒரே வாரத்தில்.

என் கட்டிலருகே நின்றுதான் ஒருநாள் டாக்டர் வனஜா போனில் அவர்களிடம் பேசினார்.

“சாப்பாடு இறங்கலைங்க. ஆமா, நடக்கறார். பாத்ரூமுக்குத் தானே போறார். நடக்கறவருக்கு டிப்ரஷன் வராதுன்னு எந்த புக்ல படிச்சீங்க? நீங்க டாக்டர்தானே? பல் டாக்டரா? சரிங்க. சலைன் போகுது. ஆமா, போட்டோ அனுப்பறோம்.”

போட்டோ எடுப்பது எஸ்தரின் வேலை. தூத்துக்குடிப் பெண், உளவியலில் முதுகலை, அங்கே ஆலோசகர். நோயாளியோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவதற்காக எடுத்த ஆள். பேசுவது சிகிச்சை என்று படிவத்தில் ஏறாது. எனவே காலையில் முதல் வேலையாக ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பாட்டிலோடு சேர்த்துப் படம் எடுப்பாள்.

“சார், பாட்டில் தெரியுற மாதிரி கைய லேசா தூக்குங்க. சிரிச்சிராதீய.”

“சிரிக்க வந்தா நான் ஏம்மா இங்க இருக்கேன்?”

பக்கத்துக் கட்டிலிலிருந்து முனிராஜ் சொன்னான்: “ஆதார் கார்டுக்குக்கூட இத்தினி வாட்டி போட்டோ புடிக்கலீங்கய்யா. அதுலயும் இதே மூஞ்சிதான்.”

முனிராஜ் என் நான்காம் நாள் வந்தவன். மாடியில் இடமில்லாததால் என் அறையில் போட்டார்கள். முப்பத்து நான்கு வயது. மத்தூர்ப் பக்கத்துக்காரன். அப்பா அடுத்தவர் மாந்தோப்பில் கூலி. இவன் ஐ.டி.ஐ. முடித்து, பன்னிரண்டு வருடமாக ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பிரஸ் ஓட்டுகிறான், தகடுகளை அழுத்தி வெட்டும் இயந்திரம். சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டியதால் கம்பெனியே எடுத்த பாலிசி. மனைவி லட்சுமியும் இரண்டு பெண் குழந்தைகளும் நாலு சந்து தள்ளி லைன் வீட்டில்.

வந்த அன்று அவன் கை தேநீர் டம்ளரைப் பிடிக்கவில்லை. உடம்பெல்லாம் வேர்வை. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கட்டிலின் நடுவில் சுருண்டு கொண்டான். இதை வித்ட்ராயல் என்பார்கள். வருடக்கணக்கில் தினமும் குடிக்கும்போது, மது போடும் பிரேக்குக்கு எதிராக மூளை ஆக்ஸிலரேட்டரை மிதித்தே பழகிவிடுகிறது. திடீரென்று பிரேக்கை எடுத்தால் வண்டி தறிகெட்டு ஓடும். நடுக்கம், பிரமை, சிலருக்கு வலிப்பு. அதனால்தான் குடியைத் தானாக ஒரே நாளில் நிறுத்தக்கூடாது, மருந்து கொடுத்து மெதுவாக இறக்க வேண்டும் என்று டாக்டர் எங்களிருவரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் குடிக்காதவன். ஆனாலும் நானும் கேட்டுக்கொண்டேன், செய்வதற்கு வேறு வேலையில்லை.

வந்த ஐந்தாம் நாள் முனிராஜ் உட்கார்ந்து சாப்பிட்டான். கமலா எனக்குக் கொண்டுவரும் ராகிக் கூழில் பாதி அவனுக்குப் போனது. மீதிப் பாதியும் போயிருக்கும், அவள் என் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு மடக்கையும் எண்ணிக்கொண்டிருந்ததால் தப்பியது.

“இதுக்கு முன்ன ரெண்டு எடத்துல சேத்தாங்கய்யா” என்றான். “ஆறாம் நாளு அனுப்பிடுவாங்க. நடுக்கம் நின்னா போதும்னு. வெளிய வந்தா சும்மா இருக்க முடியுதா? ஜூஜுவாடி தாண்டுனா கர்நாடகா, அத்திபெலெ, அந்தப் பக்கம் சரக்கு. காலு தானா போயிக்கும்.”

“இந்தத் தடவை?”

“டாக்டரம்மா நாலு வாரம்னு சொல்லிக்கிறாங்க. முழுசா இருந்துட்டுத்தான் போவேன். பெரியவ ஆறாவது படிக்கிறா. காலையில என் வாயை மோந்து பாத்துட்டுத்தான் இஸ்கூலுக்குக் கெளம்புறா. பெத்த புள்ள, ஐயா.”

முதல் வாரம் உடம்புக்கு, மற்ற மூன்று வாரமும் ஆளுக்கு என்று டாக்டர் சொல்வார். அந்த மூன்று வாரம்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதற்குக் காப்பீட்டின் அனுமதி வேண்டும்.

இங்கே விதியைச் சொல்ல வேண்டும். மனநோய்க்குக் காப்பீடு உண்டு, அதைச் சட்டமே கட்டாயமாக்கிவிட்டது. ஆனால் பெரும்பாலான பாலிசிகளில் விலக்குகள் பட்டியலில் ஒரு வரி இருக்கும். குடிப்பழக்கத்துக்கான சிகிச்சைக்கும் அதனால் வரும் விளைவுகளுக்கும் பணம் கிடையாது. முனிராஜுக்கு இரண்டும் இருந்தன. மனச்சோர்வும் இருந்தது, குடியும் இருந்தது. இத்தகைய நோயாளிகளில் எது முதலில் வந்தது என்று கடவுளைக் கேட்டாலும் சொல்ல மாட்டார். டாக்டர் வனஜா முதல் வரியில் ‘கடுமையான மனச்சோர்வு, தூக்கமின்மை’ என்றும், கீழே சின்னதாக ‘மதுப் பயன்பாடு’ என்றும் எழுதியிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை, வரிசைதான் யோசித்துப் போட்டது. இப்படி எழுதிய வரிசையை நம்பித்தான் மாடியிலிருந்த பத்துக் கட்டிலும் நின்றன.

என் பதினோராம் நாள், முனிராஜின் எட்டாம் நாள். அன்று காலையில் எனக்கு இட்லி ருசித்தது. செய்தித்தாள் கேட்டு வாங்கிப் படித்தேன், அதிலிருந்த ஒரு எழுத்துப் பிழை எரிச்சலூட்டியது. எரிச்சல் வந்ததில் கமலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

மதியம் எஸ்தர் கை நிறையக் காகிதங்களோடு வந்தாள். “இன்னைக்கும் குரூப் கவுன்சிலிங் கிடையாது முனிராஜண்ணே. நாலு க்வெரி வந்திருக்கு. ஒண்ணு ஒங்களது. சாயங்காலம் அஞ்சுக்குள்ள பதில் போகலன்னா ஃபைல மூடிருவாங்க. டாக்டர் ஓபியில, வெளிய முப்பது பேரு.”

க்வெரி என்பது பரிசீலிக்கும் நிறுவனம் அனுப்பும் கேள்விக் கடிதம். நான் கையை நீட்டினேன். ‘நோய்க் குறிகளின் கால அளவையும் காரணத்தையும் விரிவாகத் தெரிவிக்கவும்.’ பழைய நண்பனைத் தெருவில் பார்த்ததுபோல் இருந்தது.

“நான் எழுதித் தரட்டுமா? இதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை.”

“எழுதுங்கய்யா” என்றான் முனிராஜ். “நீங்க எழுதுனா கவர்மென்டு எழுதுன மாதிரி இருக்கும்.”

எஸ்தர் அவனைக் கேட்டுக்கொண்டு கேஸ் ஷீட்டைத் தந்தாள். மாதக்கணக்குக்குப் பிறகு முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் அலுவலகத்தில் எனக்கொரு பெயர் உண்டு. என் கோப்புக்கு இரண்டாவது கேள்வி வராது. முதல் பதிலிலேயே முழுமை. வயது வாரியாக எழுதினேன். பத்தொன்பதாம் வயதில் குடி ஆரம்பம், ஆறு வருடமாகத் தினமும், இரண்டு வருடமாகக் காலையிலேயே, முன்பு இரண்டு இடங்களில் சிகிச்சை, இரண்டும் பாதியில் நின்றதால் பலனில்லை, ஆகவே இம்முறை முழுக்காலமும் அவசியம். அசைக்க முடியாத வாதம். முழுமையாக எழுதுகிற சந்தோஷத்தில் விலக்குகள் பட்டியல் என் நினைவுக்கே வரவில்லை. நாலரை மணிக்கு எஸ்தர் அதைக் கொண்டுபோனாள். நோயாளி ஒருவரின் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே டாக்டர் கையெழுத்துப் போட்டாராம். நான் எழுதியதென்றதும் படிக்கவில்லை.

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை மறுப்பு வந்தது. விலக்குப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டே வரி. மூன்றாவது வரியில், இதே ஆஸ்பத்திரியிலிருந்து முன்பு அனுமதிக்கப்பட்ட கோப்புகளும் மறுபரிசீலனை செய்யப்படும், அதுவரை கேஷ்லெஸ் வசதி நிறுத்தப்படுகிறது என்றிருந்தது. ஏற்கெனவே அனுமதி பெற்று உள்ளே இருந்தவர்களுக்கு மட்டும் அது தொடரும். அதாவது எனக்கு.

டாக்டர் வனஜா என் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கோபமாக இருந்தாரா என்று தெரியவில்லை. களைப்பாக இருந்தார்.

“நீங்க எழுதினதுல ஒரு வரிகூடத் தப்பில்ல சார்.”

“தெரியும்மா.”

“நான் மூணு வருஷமா எழுதாம விட்டதெல்லாம் ஒரே பக்கத்துல இருக்கு.”

பிறகு முனிராஜின் பக்கம் திரும்பினார். “நீ இருப்பா. பணத்தைப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்.”

முனிராஜ் பக்கத்தில் நின்ற லட்சுமியைப் பார்த்தான். பதில் சொன்னது அவள்தான். கம்பெனி பாலிசி என்பதால் மறுப்புக் கடிதத்தின் நகல் பணியாளர் பிரிவுக்கும் போயிருந்தது. ‘காய்ச்சல், வயிற்றுவலி’ என்று லீவு எழுதியிருந்தவன் அவன்.

“ஹெச்.ஆர்.லருந்து போன் வந்துச்சுங்க மேடம். நாளைக்கு ஷிப்ட்டுக்கு வரணுமாம். வரலன்னா விசாரணையாம். குடிகாரனை மெஷின்ல நிக்க வைக்கலாமான்னு யோசிக்கிறாங்களாம்.”

“நானே அவங்ககிட்டப் பேசறேன்மா.”

“நீங்க பேசுனா இன்னும் நாலு பேருக்குத் தெரியும் மேடம்.”

அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். மாத்திரைகளை ஒரு கவரில் போட்டு, எதை எப்போது என்று எஸ்தர் கவரின் மேல் பெரிய எழுத்தில் எழுதித் தந்தாள். முனிராஜ் என்னிடம் வந்தான். நான் ஏதாவது சொல்ல வேண்டும். தவறுகளுக்கு வருத்தம் தெரிவித்து நான் எழுதிய கடிதங்கள் அநேகம். அவற்றில் ஒன்றின் முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“உடுங்கய்யா” என்றான். “கேட்டாங்க, எழுதுனீங்க. எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு, எஸ்தரக்கா படிச்சுக் காட்டுனாங்க.”

அவன் கட்டிலுக்கு வேறு யாரும் வரவில்லை. பதினாறாம் நாள் நான் வீட்டுக்குப் போனேன். கடைசி அனுமதி நாற்பது நிமிடத்தில் வந்தது. நர்ஸ் ஊசியை உருவிப் பஞ்சை அழுத்திக்கொண்டே, “ஹோக்பன்னி சார்” என்றாள். கன்னடத்தில் போய் வாருங்கள் என்பதற்கு அப்படி. ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லலாமா என்று அவளே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதை யாரும் படம் எடுக்கவில்லை.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது மாடிப்படியில் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. வாசல் பலகையில் ‘குடிநோய் சிகிச்சை’ என்ற வரியின் மேல் வெள்ளைப் பெயின்ட். கையில் பணம் கொண்டுவருபவர்களை மட்டும் கீழே பார்க்கிறார்கள், ஆளுக்கு ஏழு நிமிடம். டாக்டர் என்னைப் பார்த்ததும் நாக்கை நீட்டச் சொல்லி, எடை பார்த்து, “நல்லாயிருக்கீங்க சார்” என்றார். வெளியே அடுத்த நோயாளி கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

எஸ்தர் தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறதாம், ஒரு கிளெய்ம் பரிசீலிக்கும் நிறுவனத்தில்.

“அங்க என்னம்மா வேலை?”

“மனநல ஃபைல்லாம் நான் பாக்கணுமாம்.” இழுப்பறையை மூடினாள். “ஒங்க வேலைதான் சார்.”

முனிராஜைப் பற்றிக் கேட்டேன். மாத்திரை தீர்ந்த பிறகு வரவில்லை, போனை எடுப்பதில்லை என்றாள். நான் அவன் வீட்டைத் தேடிப் போயிருக்கலாம். நாலு சந்துதான். போகவில்லை.

போன மாதம் லட்சுமியே எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெரிய பெண்ணும் கூட வந்திருந்தாள். கமலா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். லட்சுமி கையில் ஒரு படிவம்.

முனிராஜ் மறுபடி குடித்திருக்கிறான், முன்பைவிட அதிகமாக. பிறகு ஒருநாள் மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து நிறுத்தியிருக்கிறான்.

“ரெண்டு நாளா ஒரு சொட்டு தொடலீங்கய்யா. ஒதறிக்கினு கெடந்தாரு. டாக்டரம்மாகிட்ட போலாம்னேன். அங்க இப்ப இன்சூரன்ஸ் கார்டு எடுக்க மாட்டாங்க, அந்தம்மா ஓசியில பாப்பாங்க, வேணாம்னுட்டாரு. லீவு போட்டா சந்தேகம் வரும்னு ஷிப்ட்டுக்குப் போனாரு. மெஷின்ல நிக்கும்போதே கையும் காலும் இழுத்து வெட்டு வந்திருக்குது. உழும்போது வலது கை உள்ள போயிருச்சுங்க.”

மூன்று விரல்கள். மணிக்கட்டிலும் எலும்பு நொறுங்கியிருந்தது. நெடுஞ்சாலையோரப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

“அதுக்கு அனுமதி வந்துச்சா?” என் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

“ரெண்டு மணி நேரத்துல வந்துருச்சுங்கய்யா” என்றாள். அவள் குரலில் நன்றிகூட இருந்தது. “ரத்தத்துல குடி இருக்குதான்னு பாத்தாங்க. இல்லன்னு வந்துச்சு. அதனால ஒண்ணும் தொந்தரவு பண்ணல. இந்த ஃபாரம் மட்டும் எழுதிக் குடுக்கணுமாம். நீங்கதான் எழுதணும்னு அவரு சொன்னாரு.”

பேனாவை எடுத்தேன். அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்று, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விபத்தின்போது நோயாளி மது அருந்தியிருந்தாரா? ‘இல்லை’ என்பதில் டிக் போட்டேன். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டுத் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்தது, விபத்து எவ்வாறு நிகழ்ந்தது என்பதை விரிவாகத் தெரிவிக்கவும். வலிப்பு ஏன் வந்தது, அதற்கு முந்திய இரண்டு நாள், அதற்கு முந்திய மறுப்பு, அதற்கு முந்திய கடிதம், எல்லாம் எனக்கு வரிசையாகத் தெரியும். ஆறு கோடுகள் போட்டு இடம் விட்டிருந்தார்கள். முதல் கோட்டில் ‘இயந்திரத்தில் கை சிக்கியது’ என்று எழுதினேன். மற்ற ஐந்தையும் காலியாக விட்டு, லட்சுமி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.